எவர் சொன்ன கணக்கு? வன்னியும் நடுநிலை எழுத்தும்

வன்னிப் பெருநிலப்பரப்பைப் பற்றிய பழைய எழுத்துகளில் பெரும்பாலானவை வன்னிக்கு வெளியே எழுதப்பட்டவை. மயில்வாகனப் புலவரின் 'யாழ்ப்பாண வைபவமாலை' ஒல்லாந்த அதிகாரி மக்கறா கேட்டுக்கொண்டதற்கிணங்க 1736 அளவில் எழுந்தது. யாழ்ப்பாண அரசின் கதையில், வன்னியை ஆண்ட குறுநிலத் தலைவர்களான வன்னியர் இடையிடையே தலைகாட்டிப் பின் மறைகிறார்கள். வையா பாடலுக்கு அவர்கள் எங்கிருந்து வந்து எங்கே குடியேறினார்கள் என்பதே அக்கறை. சூளவம்சத்துக்கு அவர்கள் சிங்கள மன்னர்கள் அடக்கிவைக்க வேண்டிய தலைவர்கள். ஒல்லாந்தர் ஆட்சியின் இறுதிக் காலத்தில் வன்னியின் நிருவாகத்தைப் பார்த்த தோமஸ் நாகெல் 1793இல் எழுதிய குறிப்பு, கும்பனியின் கண்ணால் அந்த நிலத்தைப் பார்க்கிறது. இவர்களில் எவரும் பொய் எழுதவென்று உட்கார்ந்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் தமக்கு வேண்டியது எது என்று தெரிந்திருந்தது. இன்று கலைக்களஞ்சியம் ஒன்றில் 'வன்னி' என்ற தலைப்பில் எழுத முனைபவர் முதலில் எதிர்கொள்வது இந்த ஏடுகளைத்தான்.

வன்னிக்கென்று எழுதப்பட்ட முதலாவது பெரிய உசாத்துணை நூல் 1895இல் கொழும்பில் வெளியானது. எழுதியவர் ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கிலேய சிவில் சேவை அதிகாரி; நூல், வன்னி மாவட்டங்களுக்கான கைந்நூல். பிரித்தானிய ஆட்சி அக்காலத்தில் பல பகுதிகளுக்கு இத்தகைய நூல்களை எழுதுவித்தது. நுவரெலியாவுக்கு 1893இலும் வடமத்திய மாகாணத்துக்கு 1899இலும் இதே வகை நூல்கள் வந்தன. புதிதாகப் பதவியேற்கும் அதிகாரிக்கு இடத்தை விளக்குவதே அவற்றின் வேலை. லூயிசின் நூல் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. வேறு வழியும் இல்லை. அது பதிந்துவைத்த பல செய்திகளுக்கு வேறு ஏடு கிடையாது. ஆனால் அதன் தலைப்பிலுள்ள வன்னி, வவுனியாவும் முல்லைத்தீவும் மட்டுமே. இன்றைய கிளிநொச்சி அப்போது யாழ்ப்பாண மாவட்டத்தைச் சேர்ந்தது. கிளிநொச்சி நகரம் குடியேற்றத் திட்டமாக உருவானது 1936இல். தனி மாவட்டமானது 1984இல். முல்லைத்தீவே 1978இல்தான் இப்போதைய மாவட்ட வடிவத்தைப் பெற்றது. ஆகவே 'வன்னி' என்பது எதுவரை என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலத்திலும் வேறு விடை இருந்தது. எந்த விடையை எடுத்துக்கொண்டோம் என்று சொல்லாமல் எழுதப்படும் கட்டுரை, முதல் வரியிலேயே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது.

உசாத்துணை எழுத்தில் நடுநிலை எவ்வளவு சிக்கலானது என்பதற்கு வன்னியிலேயே நல்ல உதாரணம், அங்கே குறுநிலத் தலைவராயிருந்த பண்டார வன்னியன். 1803 ஆகஸ்ட் 25இல் அவர் முல்லைத்தீவிலிருந்த ஆங்கிலேயர் நிலையைத் தாக்கிக் கைப்பற்றினார். பின்பு ஆங்கிலேயப் படைகள் மூன்று திசைகளிலிருந்து வன்னிக்குள் நுழைந்தன. 1803 ஒக்டோபர் 31இல் ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கற்சிலைமடுவில் வொன் டிறிபேர்க் என்ற படை அதிகாரி அவரைத் திடீரெனத் தாக்கித் தோற்கடித்தார். அவ்விடத்தில் நாட்டப்பட்ட கல் அந்தத் தோல்வியையும் தேதியையும் ஆங்கிலத்தில் சொல்கிறது. வென்றவர் பக்கத்துப் பெருமைக்கல் அது. காலப்போக்கில் அதே கல் தோற்றவரின் நினைவிடமாக மாறியது. பண்டார வன்னியனைத் தேடிச் செல்பவர்கள் அந்தக் கல்லையே போய்ப் பார்க்கிறார்கள்.

கல் சொல்வது தோல்வியை மட்டுமே. ஆனால் மக்கள் நினைவிலும் மேடையிலும் ஒக்டோபர் 31 அவர் வீழ்ந்த நாள். அன்று அவர் கொல்லப்படவில்லை, அதற்குப் பின்னும் சில ஆண்டுகள் வாழ்ந்தார் என்ற கருத்தும் எழுத்தில் உண்டு. முல்லைமணியின் 'பண்டார வன்னியன்' நாடகமும் மு. கருணாநிதியின் 'பாயும் புலி பண்டாரக வன்னியன்' நாவலும் அவரைத் தமிழுலகெங்கும் கொண்டுசென்றன. அவரைக் காட்டிக்கொடுத்தவனாகக் கதை மரபு சொல்லும் காக்கை வன்னியன் என்ற பெயர் வைபவமாலையிலும் வருகிறது. அங்கே அவன் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனைப் பறங்கியருக்குக் காட்டிக்கொடுக்கிறான். இரண்டு நூற்றாண்டு இடைவெளியில் ஒரே பெயருள்ள இருவர் ஒரே துரோகத்தைச் செய்திருக்கலாம். கதை சொல்பவர்கள் பழைய பெயரைப் புதிய கதைக்கு எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பதே கூடுதல் பொருத்தமாகத் தோன்றுகிறது. ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதும் கலைக்களஞ்சியக்காரர் இங்கே என்ன செய்வது? 'இறந்தார்' என்று ஒற்றைச் சொல்லில் முடித்தால் வாய்மரபை ஆவணம்போலக் காட்டியதாகும். மரபை விட்டுவிட்டால் வன்னி மக்கள் அவரைப் பற்றி வைத்திருக்கும் நினைவில் பாதி காணாமற்போகும். கல் சொல்வது இது, கதை சொல்வது இது, ஆய்வு நூல்கள் சொல்வது இது என்று மூன்றையும் பிரித்து வைப்பதே நேரிய வழி. இப்படி எழுதினால் கட்டுரையின் வேகம் குறையும், உண்மைதான்.

தமிழில் உசாத்துணை நூல்களின் தொடக்கத்தில் இத்தகைய கவலை பெரிதாக இருக்கவில்லை. மானிப்பாய் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் 'அபிதான கோசம்' 1902இல் வந்தது. ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' 1910இல் வந்தது. இரண்டும் தனி மனிதர்களின் உழைப்பு. தகவலுக்குப் பொறுப்பு ஆசிரியரின் பெயரே. முத்துத்தம்பிப்பிள்ளை 1912இல் 'யாழ்ப்பாணச் சரித்திரம்' என்ற நூலையும் எழுதினார். அகராதிக்காரரும் வரலாற்றாசிரியரும் ஒருவரே. பலர் கூடி எழுதும் முறை தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியத்தோடு உறுதிப்பட்டது. பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகள் வெளிவந்தன. அங்கே துறை வல்லுநர்கள் எழுத, ஆசிரியர் குழு ஒழுங்குசெய்தது. கருத்து மோதலை வாசகர் பார்க்க வாய்ப்பில்லை. அது ஆசிரியர் அறைக்குள்ளேயே தீர்ந்துவிடும்.

இதே காலத்தில் வன்னியும் வடபகுதியும் பற்றிய ஆய்வு தனி வழியில் சென்றது. முதலியார் செ. இராசநாயகம் 1926இலும் சுவாமி ஞானப்பிரகாசர் 1928இலும் யாழ்ப்பாண வரலாற்றை எழுதியபோது வைபவமாலையின் செய்திகளை ஒன்றோடொன்று மோதவிட்டார்கள். சி. பத்மநாதன் 1970இல் வன்னியரைப் பற்றித் தனி நூலே எழுதினார். கா. இந்திரபாலாவின் நிலை இன்னும் பாடமானது. 1965இல் இலண்டன் பல்கலைக்கழகத்துக்கு அவர் அளித்த ஆய்வேடு, இலங்கையில் தமிழர் குடியிருப்புகள் பரவிய காலத்தைப் பிந்தியதாக மதிப்பிட்டது. அந்த முடிவை அரசியல் மேடைகள் விரும்பி எடுத்துக்கொண்டன. 2005இல் வெளியிட்ட நூலில் அவர் அந்தப் பார்வையை விரிவாகத் திருத்தினார். இன்றும் 1965 ஆய்வேட்டை மட்டும் மேற்கோள் காட்டி எழுதுவோர் உண்டு. மேற்கோளின் பக்க எண் சரியாக இருக்கும். அந்த ஆசிரியரின் கருத்து இதுதான் என்ற தொனியோ தவறாக இருக்கும்.

பலர் எழுதும் கலைக்களஞ்சியத்துக்கு நடுநிலையைச் சட்டமாகவே எழுதிவைத்தது விக்கிப்பீடியா. அதற்கு முன்னோடியான நியூபீடியாவில் ஜிம்மி வேல்சும் லாரி சாங்கரும் 2000இலேயே பக்கச்சார்பின்மையைக் கொள்கையாக்கினார்கள். 2001 ஜனவரியில் விக்கிப்பீடியா தொடங்கியதும் அது அதன் அடித்தளக் கொள்கையாயிற்று. கொள்கையின் சாரம் எளியது: தகராறுள்ள கருத்தைக் கலைக்களஞ்சியத்தின் சொந்தக் குரலில் சொல்லாதே, அதைச் சொன்னவரின் பெயரோடு சொல், நம்பத்தக்க நூல்களில் ஒரு கருத்துக்கு உள்ள இடம் எவ்வளவோ அவ்வளவே கட்டுரையிலும் கொடு. யாரும் எழுதலாம் என்ற ஏற்பாட்டில் முன்பு மூடிய அறைக்குள் நடந்த சண்டை, கட்டுரையின் பின்னாலுள்ள உரையாடல் பக்கத்துக்கு வந்தது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதற்கு அத்திவாரம் இட்டவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன். தொடக்க காலப் பங்களிப்பாளர்களில் இலங்கைத் தமிழர் கணிசமாக இருந்ததால் வன்னியின் ஊர்களும் குளங்களும் கோயில்களும் அதில் முன்னரே இடம்பெற்றன. 2017இல் அதன் கட்டுரைகள் ஒரு இலட்சத்தைத் தாண்டின.

தமிழில் நடுநிலை வினைமுற்றிலேயே தொடங்குகிறது. போரில் இறந்த ஒருவரைப் பற்றி 'வீரச்சாவடைந்தார்', 'பலியானார்', 'கொல்லப்பட்டார்', 'கொல்லப்பட்டான்' என நான்கு விதமாக எழுதலாம். நான்கும் ஒரே நிகழ்வைச் சொன்னாலும் எழுதியவர் எங்கே நிற்கிறார் என்பதையும் சேர்த்தே சொல்கின்றன. கலைக்களஞ்சிய நடை 'கொல்லப்பட்டார்' என்பதோடு நின்றுகொள்கிறது. அது உணர்ச்சியற்ற எழுத்து என்று உறவை இழந்தவர்கள் குறைசொல்வதும் உண்டு. அந்தக் குறையில் நியாயம் இல்லாமலில்லை.

ஆங்கில விக்கிப்பீடியாவில் இலங்கைப் போர் தொடர்பான கட்டுரைகள் போர் நடந்தபோதே இன்னொரு போர்க்களமாக இருந்தன. ஒருவர் எழுதியதை மற்றவர் அழிப்பதும், அழித்ததை மீண்டும் இடுவதும் ஒரு நாளில் பலமுறை நடந்தன. இதைத் தணிக்க இரு தரப்பினரும் வெளியாரும் சேர்ந்து இலங்கை நல்லிணக்கத் திட்டம் என்ற பெயரில் ஒரு குழுவை அமைத்தார்கள். அவர்கள் செய்த பயனுள்ள வேலை, மூலங்களைத் தரம் பிரித்தது. ஒரு தரப்பைச் சார்ந்த செய்தித்தளங்களையும் அரச ஊடகங்களையும் முற்றாகத் தள்ளிவிடாமல், அவை எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவை என்ற அடைமொழியோடு மட்டும் மேற்கோள் காட்டலாம் என்று உடன்பட்டார்கள். 1997இல் தொடங்கிய தமிழ்நெற்றும் அப்படியே கையாளப்பட்டது. அடைமொழியின் வாசகத்துக்கே நீண்ட விவாதம் நடந்தது. விவாதித்தவர்கள் ஒருவரை ஒருவர் நம்பினார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் எதைப் பற்றிச் சண்டைபிடிக்கிறோம் என்பது இருவருக்கும் தெளிவாயிற்று.

பெயர்ச் சிக்கல் உலகெங்கும் உண்டு. போலந்தின் கிடான்ஸ்க் நகரை எந்த நூற்றாண்டுக்கு எந்தப் பெயரால் எழுதுவது என்று ஆங்கில விக்கிப்பீடியா 2005இல் வாக்கெடுப்பே நடத்தி, 1308 முதல் 1945 வரை டான்சிக் என்று முடிவுசெய்தது. முல்லைத்தீவின் தெற்கே மணலாறு இதைவிடக் கடினமானது. 1988இல் வர்த்தமானி அறிவித்தலால் அப்பகுதி வெலிஓயா ஆனது. இரண்டும் ஒரே பொருள் தரும் பெயர்கள்தான்; ஆனால் எதை முன்னால் போடுகிறோம் என்பதிலிருந்து வாசகர் கட்டுரையாளரின் ஊரை ஊகித்துவிடுகிறார்.

பெயரைவிட முக்கியமானது கதையை எந்த ஆண்டில் தொடங்குவது என்பது. மணலாற்றைப் பற்றிய சிங்களக் கட்டுரை பெரும்பாலும் 1984 நவம்பர் 30இல் தொடங்கும். அன்று விடுதலைப் புலிகள் கென்ற் பண்ணையிலும் டொலர் பண்ணையிலும் குடியேற்றப்பட்டிருந்த சிங்களவர்களைக் கொன்றார்கள். பெண்களும் குழந்தைகளும் இறந்தோரில் அடங்குவர். தமிழ்க் கட்டுரை சில மாதங்கள் முன்னே சென்று, 1977 வன்செயலுக்குப் பின் அந்தப் பண்ணைகளில் குடியமர்ந்த மலையகத் தமிழர் வெளியேற்றப்பட்டதையும், அங்கே சிறைக்கைதிகள் குடியமர்த்தப்பட்டதையும் சொல்லித் தொடங்கும். நவம்பர் 30ஐ ஒரு வரியில் கடந்து, டிசெம்பர் தொடக்கத்தில் ஒதியமலையில் இளைஞர்கள் கொல்லப்பட்டதில் வந்து நிற்கும். இரண்டு கட்டுரைகளிலும் பொய்யான வரி ஒன்றுகூட இல்லாதிருக்கலாம். தொடக்கத்தையும் முடிவையும் தெரிவதிலேயே தீர்ப்பு வழங்கப்பட்டுவிடுகிறது. வெளியேற்றம், கைதிகள், பண்ணைக் கொலைகள், ஒதியமலை என வரிசையாக, ஒன்றை மற்றதற்கு நியாயமாக்காமல் எழுதும் கட்டுரை இரு தரப்புக்கும் கசக்கும்.

போர் முடிந்த 2009இன் கணக்கு இந்தச் சிக்கல்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொண்டுவருகிறது. 2008 செப்டெம்பரில் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியைவிட்டு வெளியேறினார்கள். 2009 ஜனவரி 2இல் கிளிநொச்சியும் அதே மாதம் 25இல் முல்லைத்தீவு நகரமும் படையினர் வசமாயின. மே 18இல் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. சுயாதீன ஊடகவியலாளர் உள்ளே இல்லை. மூன்றாந்தரப்பு மூலத்தை நம்பி நிற்கும் கலைக்களஞ்சிய முறைக்கு அங்கே மூன்றாந்தரப்பே இல்லாமற்போயிற்று. அதற்கு மேல், 1981க்குப் பின் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் முழுமையான குடிசனக் கணக்கெடுப்பு நடந்திருக்கவில்லை. 2001 கணக்கெடுப்பு அங்கே நுழையவே இல்லை. எத்தனை பேர் இருந்தார்கள் என்பதற்கு முதலில் விடை இருந்தாற்றான் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்கு விடை தேட முடியும்.

2009இன் தொடக்கத்தில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் ஏறத்தாழ 70,000 மக்கள் இருப்பதாக அரசாங்கம் சொன்னது. களத்தில் கடமையிலிருந்த மாவட்ட அதிகாரிகளின் மதிப்பீடு 330,000 அளவில் இருந்தது. நடுநிலை என்பது இரண்டுக்கும் இடைப்பட்ட எண்ணைப் பிடிப்பது என்று ஒருவர் எண்ணியிருந்தால் 200,000 என்று எழுதியிருப்பார். போர் முடிந்து ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்களின் பதிவே 282,380. இரு தரப்புக்கும் சம தூரத்தில் நிற்பது எப்படித் தவறான விடையைத் தரும் என்பதற்கு இதைவிடக் கொடிய கணக்குப் பாடம் கிடைப்பது அரிது.

இறந்தோர் எண்ணிக்கையில் ஒவ்வொரு எண்ணும் ஒரு முறையைச் சேர்ந்தது. ஐ.நா. நாட்டுக் குழு 2008 ஆகஸ்ட் முதல் 2009 மே 13 வரை திரட்டிய எண் 7,721. சரிபார்க்க முடிந்தவற்றையே அது சேர்த்தது, போரின் கடைசி நாட்கள் அதில் இல்லை. ஐ.நா. பொதுச்செயலாளரின் நிபுணர் குழு 2011இல், 40,000 பொதுமக்கள்வரை இறந்திருக்கலாம் என்ற மதிப்பீட்டைத் தள்ளிவிட முடியாது என்றது. 2012இல் ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு 70,000வரை இருக்கக்கூடும் என்ற தகவலைக் குறித்தது. பொதுமக்களுக்கு இழப்பே இல்லை என்பது அரசாங்கத்தின் தொடக்க நிலைப்பாடு. 2011 ஜூலையில் பாதுகாப்பு அமைச்சின் அறிக்கை, இத்தகைய போரில் பொதுமக்கள் இழப்பைத் தவிர்க்க முடியாதிருந்தது என்று ஒப்புக்கொண்டது. பின்னர் அரசின் புள்ளிவிபரத் திணைக்களம் 40,000, 70,000 என்ற ஐ.நா. மதிப்பீடுகளைவிட மிகக் குறைந்த எண்ணை வெளியிட்டது.

மன்னார் ஆயர் இராயப்பு யோசப் 2011 ஜனவரியில் அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வைத்த எண் 146,679. அது இறந்தோர் எண் என்றே பல இடங்களில் எழுதப்படுகிறது; ஆயர் சொன்னது வேறு. 2008 ஒக்டோபரில் கச்சேரிகளின் (மாவட்டச் செயலகங்களின்) பதிவுப்படி வன்னியில் இருந்தவர்கள் 429,059. அதிலிருந்து வெளியே வந்த 282,380 பேரைக் கழித்தால் மிஞ்சுவோருக்கு என்ன நடந்தது என்று அவர் கேட்டார். முதல் எண் அரச ஏட்டிலிருந்தும் இரண்டாவது ஐ.நா. ஏட்டிலிருந்தும் வந்தவை. கேள்வியை விடையாக மாற்றி எழுதுவது ஆயருக்கும் நியாயமில்லை, அவர் யாருக்காகக் கேட்டாரோ அவர்களுக்கும் நியாயமில்லை. கேள்வி கேட்கப்பட்டதையே எழுதாமல் விடுவது இன்னும் மோசம். எண்ணோடு எண்ணியவரையும், எண்ணிய முறையையும், எண்ணத் தொடங்கி நிறுத்திய தேதிகளையும் சேர்த்து எழுதினால் மூன்று வரி ஆறு வரியாகும். ஆனால் அந்த ஆறு வரியை எந்தத் தரப்பாலும் பொய் என்று அழிக்க முடியாது. பின்னர் நடந்த 2012 கணக்கெடுப்பு முல்லைத்தீவில் 92,238 பேரையும் கிளிநொச்சியில் 113,510 பேரையும் வவுனியாவில் 172,115 பேரையும் கண்டது.

சொல்லாமல் விடுவதும் சாய்வுதான் என்பதை வன்னியில் இரண்டு மக்கள் கூட்டங்கள் நினைவூட்டுகின்றன. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றியபோது முள்ளியவளையை அண்டிய தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி முஸ்லிம்களும் போனார்கள். முல்லைத்தீவைப் பற்றிய தமிழ்க் கட்டுரைகள் பலவற்றில் 1990 என்ற ஆண்டே வருவதில்லை. மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியமர்ந்தவர்களின் நிலையும் அவ்வாறே. வன்னியின் பழம்பெருமை அடங்காப்பற்று, பனங்காமம் என்ற பழைய ஆட்சிப்பகுதிகளில் தொடங்கி எழுதப்படும்போது, இன்று அங்கே வயல் செய்பவர்களில் கணிசமானோர் எப்படி வந்தார்கள் என்பது விடுபட்டுப்போகிறது. எதையும் விட்டுவிடாமல் எழுத முனைந்தோரும் உண்டு: 1988இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உருவான மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பு, அரச படைகள், இந்தியப் படை, புலிகள் என எல்லாத் தரப்பையும் பெயர் சொல்லி எழுதியது. அதன் நிறுவுநர்களில் ஒருவரான ராஜினி திரணகம 1989 செப்டெம்பர் 21இல் சுட்டுக்கொல்லப்பட்டார். நடுநிலை எழுத்துக்கு இந்த நாட்டில் கொடுக்கப்பட்ட விலை அது.

இப்போதைய தகராறுகள் மலைமேல் நடக்கின்றன. முல்லைத்தீவு மாவட்டத்திலுள்ள குருந்தூர்மலை 1933இலேயே தொல்லியல் ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. 2021 ஜனவரியில் தொல்லியல் திணைக்களம் அகழ்வைத் தொடங்கியபின் அங்கே ஆதியில் இருந்தது சிவன் கோயிலா பௌத்த விகாரையா என்ற வழக்கு முல்லைத்தீவு நீதிமன்றம்வரை சென்றது. பௌத்த எச்சம் எல்லாம் சிங்களவருடையது என்று ஒரு பக்கமும், தமிழூர் என்பதால் அங்கே பௌத்தம் இருந்திருக்கவே முடியாது என்று மறுபக்கமும் எடுத்துக்கொள்வதால், தமிழரிடையேயும் பௌத்தம் இருந்தது என்ற வரலாற்றாசிரியர்களின் கருத்துக்கு இரண்டு கட்டுரையிலும் இடம் குறைகிறது.

கொள்கை எவ்வளவு நன்றாக இருந்தாலும் மேற்கோள் காட்ட ஏடு வேண்டும். பெரிய பத்திரிகைகளும் பதிப்பகங்களும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்க, வன்னியின் பாடசாலைப் பதிவுகளும் சங்கக் குறிப்பேடுகளும் வீட்டு ஏடுகளும் இடப்பெயர்வுகளில் அழிந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத் திட்டம், கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டு மலர், ஊர் நினைவு மலர் போன்ற சிறு வெளியீடுகளையும் சேர்த்து வருடி வைக்கிறது. அவை பெரும்பாலும் ஊர்ப்பற்றோடு எழுதப்பட்டவை. வாழ்த்துரைகளே பாதிப் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆயினும் ஒரு குளத்தின் கட்டு எந்த ஆண்டு உடைந்தது, பாடசாலை எந்த மரத்தடியில் தொடங்கியது, முதலாவது தபாலகம் யாருடைய காணியில் இருந்தது என்பதற்கெல்லாம் இன்று கலைக்களஞ்சியத்துக்குக் கிடைக்கும் எழுத்துச் சான்று பல ஊர்களுக்கு அந்த மலர் ஒன்றே.